ஒரே செய்திக்கு இரண்டு எண்

1985ஆம் வருடம் சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, சர்க்கரை ஆலையின் நாலாம் கோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி, வயர்லெஸ்ஸில் வந்த கரும்பு வெட்டு உத்தரவு ஒன்றை எழுதிக்கொண்டாள். கால்மணி நேரம் கழித்து அதே உத்தரவு இன்னொரு முறை வந்தது. அதையும் எழுதிக்கொண்டாள். இரண்டும் ஒன்றுதான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

ஆலை காவிரிப் பக்கம், பரமத்தி வேலூரைத் தாண்டி இருந்தது. நாலாம் கோட்டம் அங்கிருந்து முப்பது மைல் வடக்கே. நடுவில் ஊசிக்கரடு என்ற மொட்டைப் பாறைக் குன்று மறைத்துக்கொண்டு நின்றதால் ஆலை பேசுவது கோட்டத்துக்கு நேராகக் கேட்காது. அதற்காகக் கரட்டு உச்சியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒரு வயர்லெஸ் செட்டும் ஓர் ஆளும் வைத்திருந்தார்கள். ஆலை சொல்வதை அந்த ஆள் கேட்டு எழுதி, கரட்டுக்கு அப்பால் இருந்த மூன்று கோட்டங்களுக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். யார் பேசினாலும் "ஆலை பேசுகிறது" என்றுதான் தொடங்க வேண்டும் என்பது விதி. வசந்தாமணியின் செட்டில் ஒலிபெருக்கி கிழிந்து ஒரு வருடமாகியிருந்தது. யார் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் மறுநாள் அரவைக்கு எத்தனை டன் வேண்டும் என்று ஆலை சொல்லும். யார் தோட்டம் என்று சொல்லாது, டன் கணக்கு மட்டும். ஃபீல்டுமேன் பொன்னன், நட்ட தேதிப்படி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, அடுத்தடுத்த முறைக்காரர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பான். சீட்டு கிடைத்தால் அன்றைக்கே வெட்டியாக வேண்டும். ஆலைக்குக் கரும்பு போதாமல் போனால் ஒரே காலையில் இரண்டாவது உத்தரவும் வருவதுண்டு. அந்த மாதத்தில் அப்படி மூன்று தடவை வந்திருந்தது.

புதன்கிழமை வந்த முதல் செய்தியின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றிருபது டன். வழக்கமாக வரும் எண்கள் எண்பதுகளில் இருந்தன. ஆலையில் எண் போடும் முறையை மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு "கிடைத்தது" என்றாள். இரண்டாவது செய்தியின் எண் எண்பத்தேழு. அதுவும் நூற்றிருபது டன். அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. மைக்கை எடுத்துக் கேட்கத்தான் செய்தாள்.

"ஆலை, எண்பத்தேழாம் நம்பர், நூத்தியிருபது டன். சரிதானுங்களா? ஓவர்."

"சரிதான். நூத்தியிருபது டன். ஓவர்."

அவள் இரண்டையும் பொன்னனிடம் கொடுத்தாள். பொன்னன் பட்டியலில் கீழே இறங்கி இருநூற்று நாற்பது டன்னுக்குச் சீட்டு எழுதினான். அன்று பொழுது சாய்வதற்குள் கரும்பு கீழே விழுந்துவிட்டது.

மறுநாள் லாரிகள் நூற்றிருபது டன்னுக்குத்தான் வந்தன. அதற்குப் பிறகு வந்த லாரிகள் அந்தந்த நாள் சீட்டுக்காரர்களின் கரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டு போயின.

மிச்சக் கரும்புக்குச் சொந்தக்காரர்கள் பதினோரு பேர். அதில் அர்த்தநாரிக்கு அரை ஏக்கர். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன பிறகும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து குழாய் போட்டு இழுத்து அந்தக் கரும்பைக் காப்பாற்றி வைத்திருந்தார். முதல் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்து வாசலில் நின்று, "லாரி எப்பங்க அம்மிணி வரும்?" என்று பொறுமையாகக் கேட்டார். அவள் வயர்லெஸ்ஸில் ஆலையைக் கேட்டாள். "நாளைக்கு" என்றார்கள். மூன்றாம் நாள் வந்தபோது அவர் கையில் ஒரு கரும்புக் கழி இருந்தது. அதை அவள் மேசைமேல் வைத்தார்.

"தூக்கிப் பாருங்க. காஞ்ச சோகை மாதிரி லேசாக் கெடக்குது. இந்த வெயில்ல இன்னும் எத்தனை நாளைக்குங்க?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கறேனுங்க. அரவைக்கு அளவு நிறைஞ்சு போச்சுங்கறாங்க."

"அளவு நிறைஞ்சிருச்சுன்னா எதுக்குச் சாமி வெட்டச் சொன்னீங்க?"

அவள் மறுபடி மைக்கை எடுத்தாள்.

ஒன்பதாம் நாள் அர்த்தநாரி தானே ஒரு லாரி பிடித்துக் கரும்பை ஏற்றிக்கொண்டு போனார். காய்ந்த கரும்பு வேண்டாம் என்று எடைமேடையில் திருப்பிவிட்டார்கள். வருகிற வழியில் ஒரு வெல்ல ஆலையில் கேட்டார். அந்த ஆலைக்காரர் ஒரு கழியை ஒடித்து மென்று பார்த்துவிட்டு, "இதுல காச்சினா பாகு எறுகாதுங்க, கூழாத்தான் நிக்கும்" என்று கைவிரித்தார். அர்த்தநாரி லாரியைத் தோட்டத்துக்கே திருப்பி, கரும்பை வரப்போரமாகத் தள்ளி அவரே தீ வைத்தார். அந்தப் புகை கோட்ட அலுவலகத்து ஜன்னல் வழியாக வசந்தாமணிக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் கரும்பு அதிகாரி குமாரசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். ஆலையின் ரிஜிஸ்டரிலும் அவளுடைய ரிஜிஸ்டரிலும் அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை மட்டும் அருகருகே விரித்து வைத்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு எங்க புஸ்தகத்துல இருக்குது. எண்பத்தேழு எங்கிருந்து வந்துச்சு அம்மிணி?"

"வயர்லெஸ்ல வந்துச்சுங்க சார். திருப்பிக் கேட்டு உறுதி பண்ணித்தான் எழுதினேன்."

"ஆலையில இருந்து அன்னைக்கு உங்களுக்குப் போனது ஒரே ஒரு உத்தரவு. ஆலைச் செட்டுல பேசற சுப்பையன் எழுதி வெச்சிருக்கிறான், பாருங்க. ஒண்ணைக் கேட்டுட்டு ரெண்டு எழுதியிருக்கறீங்க."

"நம்பரே வேறயா இருக்குதுங்களே. நானா ஒரு நம்பரை எப்படிங்க சார் எழுதுவேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அவர்.

விளக்கம் கேட்டு ஓலை கொடுத்துவிட்டுப் போனார். வேலையிலிருந்து உடனே நிறுத்தவில்லை. அரவை முடிகிற வரைக்கும் செட்டைப் பார்க்க வேறு ஆள் இல்லை. செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி காதில் விழும்படியே, "பதினோரு குடும்பத்துக் கரும்பைக் கருக வெச்சவ" என்றாள்.

வசந்தாமணிக்கு அழுகை வரவில்லை. எண்பத்தேழு என்ற எண்ணைத் தன் காதால் கேட்டது அவளுக்கு நிச்சயம். அதை யார் சொன்னார்கள் என்று தெரிந்தாக வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, வருகிற ஒவ்வொரு செய்தியையும் அதில் தனியாகக் குறிக்கத் தொடங்கினாள். எண், நேரம், குரல் தெளிவா மங்கலா, வெளியே காற்று அடிக்கிறதா இல்லையா. ஒரே உத்தரவு இரண்டு முறை வந்தால் முதலாவதை மட்டும் பொன்னனிடம் கொடுத்தாள். கரும்பு குறைந்தால் ஆலை சத்தம் போடும், அப்போது தெரிந்துவிடும் என்று துணிந்தாள்.

பதினெட்டு நாளில் நான்கு தடவை ஒரே உத்தரவு இரண்டு முறை வந்தது. நான்கிலும் முதல் செய்திக்கு இருநூற்றுச் சொச்சம் எண். இரண்டாவதுக்கு நூற்றுச் சொச்சம் எண். ஒரு நாள்கூட ஆலை கரும்பு குறைந்தது என்று சொல்லவில்லை. ஆக, இரண்டாவது என்று ஒரு உத்தரவே கிடையாது. நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. நான்கு நாளும் இலை அசையாத புழுக்கமான காலைகள். காற்று அடித்த நாட்களில் ஒரு செய்தி ஒரு தடவைதான் வந்தது.

நான்காவது தடவை முதல் செய்தி வந்துகொண்டிருக்கும்போது, குரலுக்குப் பின்னால் நீளமாக ஒரு ஊதல் கேட்டது. வசந்தாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக எட்டு மணி. ஆலைச் சங்கு. கரட்டு உச்சியில் உட்கார்ந்திருக்கிற ஆளின் மைக்கில் ஆலைச் சங்கு எப்படிக் கேட்கும்? கால்மணி நேரம் கழித்து அதே செய்தி மறுபடி வந்தபோது அதன் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் பேசியது ஆலை. இரண்டாவது பேசியது கரடு. கேட்கவே கேட்காது என்று எல்லோரும் நம்பியிருந்த ஆலை, சில நாள் நேராகவே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. தை மாதம் ஆலையில் பழைய ஏரியல் கம்பத்தை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு உயரத்தில் புதிதாக நட்டார்கள் என்று பொன்னன் அப்போது சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த உயரத்திலிருந்து, காற்றில்லாத காலைகளில் ஆலையின் பேச்சு கரட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஊசிக்கரட்டு அடிவாரத்தில் இறங்கினாள். பாறையில் வெட்டிய படிகளில் ஒரு மணி நேரம் ஏறினாள். தகரக் கொட்டகை வாசலில் குழந்தைவேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். ஆறு வருடமாகத் தினக்கூலி. இரண்டு வருடமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவள் கூப்பிட்டதும் குரலை வைத்தே அவன் கண்டுகொண்டான்.

"நாலாம் கோட்டங்களா? அட, நீங்களுங்களா அம்மிணி! இந்த வெயில்ல எதுக்குங்க ஏறி வந்தீங்க?" என்று எழுந்து பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கரும்பு எரிந்த கதையைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. கரட்டு மேல் யாரும் வந்து எதுவும் சொல்வதில்லை.

"ஏனுங்ணா, ஆலை எனக்கு நேராப் பேசறதும், நான் கிடைச்சுதுங்கறதும் உங்களுக்குக் கேக்காதுங்களா?"

"எப்படிங்க கேக்கும்? ஆலை சொல்றதை எடுத்ததும் செட்டை அணைச்சிருவேன். பேட்டரி தாங்காதுங்க. வாரத்துக்கு ஒருக்கா தலையில வெச்சுக் கீழ எறக்கிச் சார்ஜ் ஏத்தித் தூக்கிட்டு வரோணும். அணைச்சுட்டு, எழுதிட்டு, மறுபடி போட்டு ஒவ்வொரு கோட்டமாச் சொல்லுவேன். உங்களுது கடைசி."

"நம்பரு?"

"இந்தப் பொஸ்தகத்துல அச்சடிச்சிருக்கிற நம்பருங்க. இதைத்தான் சொல்லோணும்னு உத்தரவு."

அவன் துணியில் சுற்றி வைத்திருந்த ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தான். முதல் பக்கத்தில் தட்டச்சு செய்த தாள் ஒட்டியிருந்தது. ஊசிக்கரட்டிலிருந்து அனுப்பும் செய்திகளுக்கு ஆலையின் எண்ணைச் சொல்லக்கூடாது, இந்த ரிஜிஸ்டரின் வரிசை எண்ணையே சொல்ல வேண்டும் என்று இருந்தது. கீழே குமாரசாமியின் கையெழுத்தும் முத்திரையும். புதன்கிழமைக்கான பக்கத்தைத் திருப்பினாள். எண்பத்தேழு. நாலாம் கோட்டம். நூற்றிருபது டன். திரும்பக் கேட்டார்கள், சரி என்றேன் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்.

தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி இருந்தது.

"இதை நான் எழுதிக் குடுக்கப் போறேனுங்ணா. உங்களுக்கு ஒண்ணும் வராதுங்களே?"

"எனக்கு என்னங்க வரும்? சொன்னதைத்தான செஞ்சேன்" என்றான் குழந்தைவேல்.

மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினாள். தப்பு எங்கே நடக்கிறது, ஏன் காற்றில்லாத நாட்களில் மட்டும் நடக்கிறது, செட்டை ஏன் அணைக்க வேண்டியிருக்கிறது, முதல் பக்கத்தில் இருக்கும் உத்தரவு என்ன, எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் மூன்று யோசனை சொன்னாள். ஆலை போட்ட எண் கடைசிவரை மாறக்கூடாது. கரடு பேசும்போது கரடு என்றே சொல்ல வேண்டும். கரட்டுக்கு இன்னொரு பேட்டரி வேண்டும்.

பத்து நாளில் ஆலைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நீள மேசைக்குப் பின்னால் குமாரசாமியும் ஆலையின் வயர்லெஸ் என்ஜினீயரும் உட்கார்ந்திருந்தார்கள். என்ஜினீயர் அவளுடைய நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "எங்க ஆளுங்க யாரும் இப்படிப் பார்க்கலை. நீங்க சொல்றது அப்படியே சரி" என்றார். அந்தப் பத்து நிமிடம்தான் அவள் சந்தோஷமாக இருந்தது.

குமாரசாமி மெதுவாகக் கேட்டார். "அப்ப நம்பரை மாத்துனது யாரு?"

"கரட்டுல மாறுதுங்க சார். ஆனா அந்த ரிஜிஸ்டர் மொதல் பக்கத்துலயே உத்தரவு..."

அவர் மேசைக்கடியிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதை முந்தின வாரமே கரட்டிலிருந்து வாங்கி வந்துவிட்டார்கள். அவள் அட்டையைத் திறந்தாள். முதல் பக்கம் இல்லை. தையல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் பிசிறாக நின்றது.

"இங்க இருந்துச்சுங்க சார். என்ற கண்ணால பாத்தேன். உங்க கையெழுத்து இருந்துச்சு."

என்ஜினீயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருந்தாக் காட்டுங்க அம்மிணி" என்றார் குமாரசாமி. அவர் குரலில் கோபம் இல்லை. "இல்லாததை எழுத முடியாது. உங்க மேல இருந்த பழி போயிருச்சு. கவனமா இருந்து தப்பைக் கண்டுபுடிச்சீங்கன்னே எழுதறேன். கரட்டு ஆளு தன் இஷ்டத்துக்கு நம்பர் மாத்தியிருக்கான், செட்டை அணைச்சு வெச்சிருக்கான். அவ்வளவுதான். வேற என்ன வேணும் உங்களுக்கு?"

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்தார்கள். அவள் சொன்னது எல்லாம் இருந்தது. முதல் பக்கத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் இல்லை. பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வசந்தாமணி இரண்டு தடவை படித்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் எண்பத்தேழு மறுபடி தன் தலையில் விழும் என்பது அவளுக்குத் தெரிந்தது. போட்டாள்.

குழந்தைவேலை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். தினக்கூலி என்பதால் ஓலைகூடக் கொடுக்கவில்லை. கரட்டில் புது ஆள் வந்தான், புதுப் பேட்டரி இரண்டு வந்தன. எண் மாறக்கூடாது, கரடு கரடு என்றே பேச வேண்டும் என்று என்ஜினீயர் பெயரில் சுற்றறிக்கை வந்தது. வாசகம் பாதிக்கு மேல் அவளுடையது.

அரவை முடிந்ததும் கோட்ட அலுவலகத்து முன்னால் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். குமாரசாமி வந்து, தவறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, செய்த ஆளை நீக்கியாகிவிட்டது என்றார்.

அர்த்தநாரி எழுந்தார். "அப்ப தப்பு உங்க பக்கந்தானுங்க?"

"ஆலை பக்கம் தப்பு இல்லீங்க. அந்த ஒரு ஆளோட தப்பு."

"அந்த ஆளு உங்க ஆளு தானுங்க?"

"தினக்கூலிக்காரன். ஆலைக்கு அவன் பொறுப்பில்லை, அவனுக்கு ஆலையும் பொறுப்பில்லை."

"என்ற கரும்புக்கு ஆருதானுங்க பொறுப்பு?"

குமாரசாமி அடுத்த வருடத்துப் பதிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அர்த்தநாரி உட்காரவில்லை. அவர் அதிகாரியைப் பார்க்காமல், ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த வசந்தாமணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து, கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களை எழுதினாள். ஆடி மாதத்தில் அவர் மறுபடி துளிர்த்திருந்த கட்டைக் கரும்பையெல்லாம் தோண்டி எறிந்துவிட்டுக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை நட்டார். மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் அடுத்த வருடமும் ஆலைக்கே பதிந்தார்கள். வேறு வழியில்லை என்றார்கள்.

குழந்தைவேல் ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"மொதப் பக்கத்தைப் பாத்தீங்கல்ல அம்மிணி?"

"பாத்தேனுங்ணா. அங்க சொன்னேன். அவங்க எழுதிக்கலை."

"அதை எழுதாத காயிதத்துல கையெழுத்துப் போட்டீங்களாமா?"

"போட்டேனுங்ணா."

"நான் பென்சில்ல எழுதி வெச்சிருந்தது உங்களைக் காப்பாத்துச்சுங்க" என்றான் அவன். "நல்லா இருங்க." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கே அவள் ஒரு கடிதம் எழுதினாள். முதல் பக்கத்தில் இருந்த உத்தரவை வார்த்தை வார்த்தையாக, ஞாபகத்திலிருந்து. ஆலை மேலாளருக்கு ஒன்று, தொழிலாளர் அதிகாரிக்கு ஒன்று. பதில் இல்லை. மறுபடி எழுதினாள். ஐப்பசியில் ஒரு பதில் வந்தது. விசாரணையில் தாங்களே கையொப்பமிட்டு ஒப்புக்கொண்ட விவரங்களுக்கு மாறாக இப்போது எழுதுவது ஏற்கத்தக்கதல்ல, கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரி.

அந்தப் பதிலையும் தன் கடிதங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு அவள் குழந்தைவேலின் ஊருக்குப் போனாள். தன்னால் ஆனதைச் செய்தேன் என்று காட்ட வேண்டும் என்று இருந்தது. ஓலை வேய்ந்த சாளை வீடு. அவன் மனைவி ஆராயி வாசலில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அவரு ஊட்டுல இல்லீங்க. போர்க்கெணறு போடற லாரியில ஆந்திராப் பக்கம் போயிட்டாரு. வர ஆறு மாசமாகும்."

"நான் நாலாம் கோட்டத்துல இருந்து வாரேனுங்க. வசந்தாமணி."

ஆராயி கத்தியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த காகிதங்களையும் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள். "வந்தாச் சொல்றேன்."

மறுபடி குனிந்து கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. வசந்தாமணி காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாமக்கல் பஸ்ஸுக்கு நடந்தாள்.